மானியம் கொடுத்த கை, மானியம் கேட்ட கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மானியம் என்றதும் நமக்குக் காஸ் சிலிண்டரும் உர மூட்டையும்தான் ஞாபகம் வரும். அதைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் ‘நிலமானிய முறை’ என்று ஒரு பாடம் படித்தோம். அரசன் பிரபுக்களுக்கு நிலம் கொடுத்தான், பிரபுக்கள் அரசனுக்குப் படை கொடுத்தார்கள் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம். சட்டமன்றம் கூடினால் செய்தியில் இன்னொரு தொடர் வரும்: ‘மானியக் கோரிக்கை மீதான விவாதம்’. இங்கே தன் துறைச் செலவுக்குப் பணம் கேட்கிறவர் அமைச்சர், கொடுக்கிறது சபை. ஒரே சொல்தான், திசை மட்டும் தலைகீழ். மேலே இருந்தவன் கொடுத்தது போய், மேலே இருப்பவன் கேட்க வேண்டிய நிலை எப்படி வந்தது? இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறேன்.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். நிலமெல்லாம் அரசனுடையது என்றாகிவிட்டது. அவன் பங்கிட்டுக் கொடுத்தான். வாங்குகிறவன் ஆயுதமில்லாமல் மண்டியிட்டு, குவித்த கைகளை அரசனின் கைகளுக்குள் வைத்து, ‘நான் உம்முடைய ஆள்’ என்று சொல்ல வேண்டும். பார்த்தால் அடிமை முறி எழுதிக் கொடுப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்தச் சடங்கு இரண்டு பேரையும் கட்டியது. பிரபு விசுவாசமாக இருக்க வேண்டும், அரசன் அவனைக் காக்க வேண்டும், வழக்கத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அரசன் தவறினால், ‘இனி நான் உம் ஆள் இல்லை’ என்று பிரபு முறைப்படி அறிவித்து விலகலாம். எனக்கு இந்த முறையில் பிடித்த ஒரே இடம் இதுதான். மற்றபடி அந்த நிலத்தில் உழுதவனுக்கு அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். அதற்கும் வருகிறேன்.

சிக்கலெல்லாம் அந்த ‘வழக்கத்துக்கு மேல்’ என்பதில்தான். போருக்கு வராதவன் கேடயப் பணம் என்று ஒன்று கட்டுவான். அப்பன் சொத்துக்கு மகன் வரும்போது அரசனுக்கு ஒரு வாரிசுப் பணம். எவ்வளவு? அது அரசன் மனசு. ஜான் மன்னன் 1204-இல் நார்மண்டியைப் பிரான்சிடம் இழந்தான். அதை மீட்கப் பணம் வேண்டும். அடுத்த வருஷம் நிக்கலஸ் டி ஸ்டட்வில் என்ற பிரபு குடும்பச் சொத்துக்கு வாரிசாக வந்தபோது அவன் தலையில் விழுந்த தொகை 10,000 மார்க். பவுண்டு கணக்கில் ஆறாயிரத்து அறுநூறுக்கு மேல். பத்து வருஷம் கழித்து ஜான் பிரபுக்களுக்கு எழுதிக் கொடுத்த உரிமைப் பத்திரம்தான் மகா சாசனம், அதாவது மாக்னா கார்ட்டா. அதன் இரண்டாவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? பெரும் பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு, அதற்கு மேல் கிடையாது. கோபம் எங்கே எரிந்தது என்று இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

1214-இல் ‘பூவின்’ (Bouvines) என்ற ஊரில் பிரான்சுடன் நடந்த போரில் ஜானின் கூட்டாளிகள் தோற்றார்கள். கொட்டிய பணமெல்லாம் வீண். 1215 மே மாதம் பிரபுக்கள், ‘உம் ஆள் இல்லை’ என்று அறிவித்தார்கள். லண்டன் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஜூன் 15-ஆம் தேதி, தேம்ஸ் கரையில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் இறங்கி வந்து மகா சாசனத்துக்கு ஒப்புக்கொண்டான்.

அந்தச் சாசனத்தை முழுக்கப் படித்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று ஒரு விதி. விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்று. நடுவே பன்னிரண்டாவது விதி: நாட்டின் பொது ஆலோசனையின்றிக் கேடயப் பணமோ உதவிப் பணமோ வசூலிக்கக் கூடாது. அரசனைச் சிறை மீட்பது, மூத்த மகனுக்கு ‘நைட்’ என்ற வீரப் பட்டம் கட்டுவது, மூத்த மகளுக்கு முதல் கல்யாணம், இந்த மூன்றுக்கு மட்டும் விலக்கு. யாரைக் கூப்பிட்டு ஆலோசிப்பது என்று பதினான்காவது விதி சொல்கிறது. ஆயர்களையும் பெரும் பிரபுக்களையும் தனித்தனியாகக் கடிதம் எழுதி அழைக்க வேண்டுமாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி.

இரண்டே மாதத்தில் போப்பாண்டவர் சாசனம் செல்லாது என்றார். மறு வருஷம் ஜானும் இறந்துபோனான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். 1225-இல் அவன் மகன் மூன்றாம் ஹென்றிக்குப் பணமுடை. அசையும் பொருளில் பதினைந்தில் ஒரு பங்கு வரி வாங்கிக்கொண்டு சாசனத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்தான். கத்தி முனையில் வாங்கியதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். கத்தியைவிடக் காசுதான் நிலைத்தது என்பது என் கருத்து. 1254-இல் வரிக்குச் சம்மதம் சொல்லக் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, இரண்டு நைட்டுகளை அழைத்தார்கள். 1265-இல் அரசனை எதிர்த்து ஆட்சியைப் பிடித்திருந்த பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் நகரங்களிலிருந்தும் ஆட்களை வரவழைத்தார். 1295-இல் நாடாளுமன்றத்துக்கு வரச் சொல்லி முதலாம் எட்வர்ட் மன்னன் அனுப்பிய ஓர் அழைப்பில், ‘எல்லோரையும் தொடுவதற்கு எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும்’ என்ற வாசகமே இருக்கிறது. அவன் நல்லவன் என்பதால் எழுதவில்லை. ஸ்காட்லாந்து, பிரான்ஸ் என்று போர்ச் செலவு கழுத்தை நெரித்தது.

பிரான்சில் ஏன் இது நடக்கவில்லை? அங்கேயும் 1302-லேயே சபை கூடியது. ஆனால் அங்கே தைய் என்ற முக்கிய நேர்வரி பிரபுக்கள் தலையில் விழவில்லை. தன் பையில் கை வைக்காத வரிக்கு எவன் சண்டை போடுவான்? அரசன் கேட்காமலே வசூலித்தான். 1614-க்குப் பிறகு சபையைக் கூட்டவே இல்லை. கஜானா காலியாகி மறுபடி கூட்டியது 1789-இல். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

உழுதவன் கதைக்கு வருகிறேன் என்றேன். மகா சாசனம் பேசியதெல்லாம் பெரும்பாலும் ‘சுதந்திர மனிதன்’ பற்றி. பண்ணையோடு கட்டுண்டவன் அந்தக் கணக்கில் இல்லை. 1354-இல் ஒரு சட்டம், ‘எந்த நிலையில் உள்ளவனாயினும்’ என்று திருத்திச் சொன்னது. ஓட்டு அப்போதும் இல்லை. 1430-இல் ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் உள்ளவனுக்குத்தான் கவுண்டித் தேர்தலில் ஓட்டு என்றார்கள். பிரபுக்கள் தங்களுக்காகத் திறந்த கதவு அது. பின்னால் வந்தவர்கள் அதில் காலை நுழைத்தார்கள், அவ்வளவுதான்.

சபைக்கு வந்தவர்கள் பணம் தருமுன் ஒன்று செய்யப் பழகினார்கள். முதலில் எங்கள் குறையைக் கேள், அப்புறம் பணம் என்றார்கள். அந்தப் பழக்கம் கப்பலேறி நம்மிடமும் வந்திருக்கிறது. நம் மக்களவையில் ஓர் உறுப்பினர் தன் தொகுதிக் குறையை எழுப்ப நினைத்தால் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். பல்லாயிரம் கோடி ரூபாய் மானியக் கோரிக்கையில் அவர் குறைக்கச் சொல்லும் தொகை 100 ரூபாய்.

நன்றி, வணக்கம்.