பந்து மூட்டுப் பொம்மை வாங்கும் முன்: பூச்சுக்கு அடியில் இருக்கும் முகம்

[திரையில்: ஒப்பனை இல்லாத ரெசின் தலை ஒன்று மெல்லச் சுழல்கிறது.]

வணக்கம். திரையில் நீங்கள் காண்பது ஒரு பொம்மையின் வெறும் தலை. இதற்குக் கண்கள் இல்லை, முடி இல்லை, உதட்டில் நிறம் இல்லை. மண்டையின் பின்பாதி மூடி தனியே கழன்று பக்கத்தில் கிடக்கிறது. சேகரிப்பாளர்கள் பிஜேடி என்று சுருக்கமாக அழைக்கும் பந்து மூட்டுப் பொம்மையை முதன்முறையாக வாங்க நினைக்கும் ஒருவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தத் தலையைத்தான். ஏனென்றால், விற்பனைப் படங்களில் நம் மனத்தை இழுப்பவற்றில் பெரும்பகுதி இதில் இல்லை.

பந்து போன்ற மூட்டுகளால் பொம்மையின் கைகால்களை அசைய வைப்பது பழைய உத்தி. ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் 1930-களில் தம் பொம்மைச் சிற்பங்களில் அதைக் கையாண்டார். அவற்றின் தாக்கம் பின்னாளில் ஜப்பானியப் பொம்மைக் கலைஞர்களிடம் வலுவாகத் தெரிந்தது. ஆனால் இன்று நாம் விலை கொடுத்து வாங்கும் வகை பிறந்தது 1999-இல், ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் 'சூப்பர் டால்ஃபி' என்ற பெயரில் ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் உயரப் பொம்மைகளைக் கொண்டுவந்தபோதுதான். சில ஆண்டுகளுக்குள் தென் கொரியாவிலும், பிறகு சீனாவிலும் பல பட்டறைகள் இத்தொழிலில் இறங்கின. இன்று தேர்ந்தெடுக்க ஆயிரக்கணக்கான முகங்கள் இருக்கின்றன, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நான் நம்பும் அளவுகோல் ஒன்றே: வாங்கிய பிறகு நம்மால் மாற்றிக்கொள்ள முடிவது எது, ஒருபோதும் மாற்ற முடியாதது எது என்று முதலிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். விக்கை மாற்றலாம். கண்களை மாற்றலாம். முக ஒப்பனையை முழுவதுமாக அழித்துவிட்டு, வேறு கலைஞர் ஒருவரைக் கொண்டு புதிதாக வரைந்துகொள்ளலாம். உடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நம்மால் மாற்ற முடியாதவை முகவெட்டு, உயரம், உடலின் அமைப்பு, பொம்மையை வார்க்கும் கெட்டியான பிளாஸ்டிக்கான ரெசினின் நிறம் ஆகிய நான்கும்தான். ஆகவே நம் கவனத்தில் பெரும்பங்கு இந்த நான்குக்கும் போக வேண்டும். அவற்றிலும் முகவெட்டுக்குத்தான் முதலிடம்.

[திரையில்: ஒரே தலையின் இரண்டு படங்கள், ஒப்பனையோடும் ஒப்பனை இல்லாமலும்.]

இதை நான் கற்றுக்கொண்டது என் முதல் பொம்மையிடம். விற்பனைப் படத்தில் அவள் மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பல வாரங்கள் அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்தேன். செலவைக் குறைப்பதற்காக ஒப்பனையில்லாத தலையாகவே வாங்கினேன். பெட்டியைப் பிரித்துத் தலையைக் கையில் எடுத்தபோது, உதட்டின் இரு முனைகளும் சற்றே கீழ்நோக்கி வளைந்திருப்பதை விரலாலேயே உணர முடிந்தது. நான் படத்தில் பார்த்த சிரிப்பு, உதட்டின் ஓரத்தைத் தாண்டி மேல்நோக்கி இழுக்கப்பட்ட இரண்டு மெல்லிய தூரிகைக் கோடுகள் மட்டுமே. திறமையான ஒப்பனைக் கலைஞர் ஒருவர் சோகமான முகத்தைச் சாந்தமாக்கலாம், அகலமான மூக்கை நிழலால் ஒடுக்கிக் காட்டலாம். ஆனால் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால், செதுக்கியவர் செதுக்கியதுதான் தெரியும்.

ஆகவே, ஒரு பொம்மை பிடித்துப்போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் ஒப்பனையில்லாத தலையின் படங்களைத் தேடுவது. நேர்முகம், முக்கால் முகம், பக்கவாட்டு முகம் என்று மூன்று கோணங்களிலும் பாருங்கள். தாடைக்கோடு எங்கே முடிகிறது, மேலிமை கண்குழியின் மீது எவ்வளவு இறங்கியிருக்கிறது, உதடுகள் மூடியிருக்கின்றனவா அல்லது சற்றே பிரிந்திருக்கின்றனவா என்பவற்றையெல்லாம் நிதானமாகக் கவனியுங்கள். இவற்றில் மிக முக்கியமானது கண்திறப்பு. இமை பாதி மூடிய முகத்துக்கு எந்தக் கண்ணைப் பொருத்தினாலும் அது கனவில் இருப்பது போலத்தான் தோன்றும். அதை விழிப்பாக்க வேண்டுமென்றால் ரெசினையே அறுத்துத் திருத்த வேண்டும், அது தொடக்கக்காரர் கைவைக்கத் தக்க வேலை அன்று.

அதோடு, அந்தப் பொம்மையை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் பாருங்கள். வெவ்வேறு ஒப்பனை, வெவ்வேறு விக், வெவ்வேறு கண்கள் என்று பத்துப் படங்களைப் பார்த்த பிறகும், எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் ஏதோ ஒன்று உங்களைத் தொடுகிறது என்றால் அந்த முகவெட்டு உங்களுக்கானது. ஒரே ஒரு படத்தில் மட்டும் பிடித்திருந்தால், உங்களுக்குப் பிடித்தது அந்தக் கலைஞரின் கைவண்ணமாகத்தான் இருக்கும்.

[திரையில்: மூன்று அளவுப் பொம்மைகள் அருகருகே நிற்கின்றன.]

அடுத்தது உயரம். பொதுவாக, மனித உயரத்தோடு ஒப்பிட்டு மூன்று பெரும்பிரிவுகளைச் சொல்வார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவு என்று அழைக்கப்படுபவை ஏறத்தாழ 55 முதல் 70 சென்டிமீட்டர் வரை. நான்கில் ஒரு பங்கு அளவில் உள்ளவை 40 முதல் 45 சென்டிமீட்டர். ஆறில் ஒரு பங்கு அளவில் உள்ளவை 26 முதல் 30 சென்டிமீட்டர். அதற்கும் கீழே உள்ளங்கையில் அடங்கும் சிறியவையும் உண்டு.

எண்களாகப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கையில் எடுத்தால்தான் தெரியும். பெரிய ரெசின் பொம்மை நல்ல கனம். அதற்கு உடை மாற்ற நாற்காலியோ மேசையோ வேண்டும், ஒரு கையால் முதுகைத் தாங்கி மறு கையால் கையுறையைக் கழற்றுவது போல அதன் உள்ளங்கையைக் கழற்றித்தான் இறுக்கமான சட்டைக் கையை நுழைக்க முடியும். சிறியதைப் பைக்குள் வைத்து வெளியே எடுத்துச் செல்லலாம். அதே நேரத்தில், அதற்குச் சட்டை தைப்பது கடினம், ஏனென்றால் துணியின் தடிமன் குறைவதில்லை. ஆறு மில்லிமீட்டர் மடிப்பு அதன் தோளில் மூட்டை கட்டியது போல நிற்கும். நீங்கள் தையலை விரும்புபவர் என்றால் நான்கில் ஒரு பங்கோ அதற்குப் பெரியதோ உங்கள் கைக்கு இதமாக இருக்கும். அலமாரியில் நிறுத்தி அழகு பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அலமாரியின் உயரத்தை நாடாவால் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். விக்குக்கும் காலணியின் குதிகாலுக்கும் சில சென்டிமீட்டர் விட வேண்டியிருக்கும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உயரம் ஒன்றாக இருந்தால் உடையும் பொருந்தும் என்று நினைத்துவிடுவார்கள். 43 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு பொம்மைகளில் ஒன்று மெலிந்த சிறுமியின் உடலாகவும், மற்றொன்று வளர்ந்த பெண்ணின் உடலாகவும் இருக்கலாம். மார்பு, இடை, இடுப்புச் சுற்றளவுகளையும், பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரிலும் குறித்துக்கொண்ட பிறகே உடைகளையும் காலணிகளையும் தேடுங்கள்.

[திரையில்: முழங்கால் மூட்டு மடங்குகிறது, உள்ளே செல்லும் எலாஸ்டிக் கயிறு தெரிகிறது.]

இப்போது உடலுக்குள் செல்வோம். இந்தப் பொம்மையின் கைகால்கள் உள்ளே குடைவானவை. தடித்த எலாஸ்டிக் கயிறு ஒன்று கழுத்திலிருந்து உடல் வழியே கால்களுக்கும், மற்றொன்று ஒரு கையிலிருந்து தோள் வழியே மறு கைக்கும் ஓடுகிறது. முனைகளில் 'எஸ்' வடிவக் கொக்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு பந்தும் தன் குழியில் அழுந்தி நிற்பது அந்தக் கயிற்றின் இழுவிசையால்தான். கயிறு அளவுக்கு மீறி இறுகினால், உட்கார வைத்த பொம்மையின் கால் திடீரென்று உதைத்து நீண்டுவிடும். தளர்ந்தால் நின்ற இடத்திலேயே மடிந்து விழும்.

மூட்டுகளில் ஒற்றை மூட்டு, இரட்டை மூட்டு என்று இரண்டு வகை உண்டு. ஒற்றை மூட்டு முழங்கால் ஏறத்தாழ செங்கோணம் வரை மடங்கும். இரட்டை மூட்டு இருந்தால் பொம்மையை மண்டியிட வைக்கலாம், கையைக் கன்னத்தில் ஊன்ற வைக்கலாம். அதற்கு ஈடாக, முழங்காலில் கூடுதலாக ஒரு பிளவுக்கோடு தெரியும். நேரே நிற்கும் காலின் ஒழுங்கு அங்கே சற்று உடையும். நிழற்படம் எடுப்பதற்காக வாங்குகிறவர் இரட்டை மூட்டை நாடுவதே நல்லது. நீண்ட பாவாடையோடு நிறுத்தி வைக்கப்போகிறவருக்கு அது அவ்வளவு பொருட்டல்ல.

மூட்டின் தரத்தைக் காகிதத்தில் படித்து அறிய முடியாது. அந்த உடல் தாங்கி இல்லாமல் நிற்கிறதா, உள்ளங்கை முகத்தைத் தொடுகிறதா, முதுகு சாய்க்காமல் உட்கார முடிகிறதா என்று வீடியோக்களில் பாருங்கள். குறை இருந்தாலும் மனம் தளர வேண்டாம்; மூட்டின் குழியில் மெல்லிய தோல் துண்டை ஒட்டி வழுக்கலைக் குறைக்கலாம், கைகால்களுக்குள் கம்பி செருகலாம், கயிற்றையே மாற்றலாம். எலாஸ்டிக் கயிறு எப்படியும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் பொருள். ஒருமுறை கயிறு கோக்கக் கற்றுக்கொண்டால் உங்கள் பொம்மையின் உடல் உங்களுக்கு முழுவதுமாகப் பழகிவிடும். நான் மூட்டுகளை முகவெட்டுக்கும் உயரத்துக்கும் பின்னால் வைப்பது இதனால்தான்.

[திரையில்: பழைய வெண்ணிற ரெசின் கையும் புதிய கையும் அருகருகே.]

ரெசினின் நிறத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. பாலியூரித்தேன் ரெசின் காலத்தோடு மஞ்சளாகும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அதை விரைவுபடுத்துகின்றன. இருட்டில் வைத்தாலும் மெதுவாக மாறத்தான் செய்யும். தூய வெண்மையில் அந்த மாற்றம் கண்ணில் உடனே படும், இயல்பான தோல் நிறத்தில் நீண்ட காலம் தெரியாது, ஆழ்ந்த பழுப்பு நிறங்கள் சில நேரம் திட்டுத்திட்டாக வெளிறும். தலையை ஓரிடத்திலும் உடலை வேறிடத்திலும் வாங்கிச் சேர்க்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கருத வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள நிறம்கூட ஒரு வார்ப்புக்கும் மற்றொரு வார்ப்புக்கும் இடையே வேறுபடும். கழுத்தின் சுற்றளவும் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வினைல் என்ற மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த பொம்மைகளும் இதே குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. அவை எடை குறைந்தவை, கீழே விழுந்தால் ரெசினைப் போல விரல் நுனி உடைந்துபோவதில்லை. ஆனால் அடர்நிறத் துணியின் சாயம் வினைலில் ஊறிவிட்டால் எடுப்பது மிகக் கடினம். கறுப்பு உடை விருப்பமானவர்கள் வெளிர்நிற உள்ளாடையொன்றை முதலில் அணிவித்துவிடுவது நல்லது.

விலையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. விக், கண்கள், உடை, காலணி, அனுப்பும் செலவு, சுங்கவரி ஆகியவற்றையும் கூட்டிய பிறகு வரும் தொகைதான் உண்மையான விலை. பெரும்பாலான பட்டறைகள் ஆர்டர் வந்த பிறகே வார்க்கும் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

விலை மலைக்க வைக்கும்போதுதான் போலிகள் கண்ணுக்கு இனிமையாகத் தெரியும். விற்பனையில் உள்ள அசல் பொம்மையையே அச்சாக வைத்து, அனுமதியின்றி அதிலிருந்து வார்த்தெடுப்பவை அவை. ரெசின் இறுகும்போது சற்றே சுருங்குவதால் நகல் அசலைவிட மயிரிழை சிறியதாக இருக்கும், இமையோரத்துக் கூர்மையும் மங்கும். என் எதிர்ப்புக்குக் காரணம் அது மட்டுமன்று. பட்டறைகளில் பல மிகச் சிறியவை. ஒரு முகத்தைச் செதுக்கப் பல மாதங்கள் உழைத்தவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். வார்ப்புக்கான சிலிக்கோன் அச்சு விரைவில் தேய்ந்துபோகும், திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்ய வேண்டும், ஒவ்வொரு துண்டையும் கையால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்த உழைப்புக்குப் போக வேண்டிய பணம் நகலெடுத்தவர் கைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அசலை வாங்க இயலாவிட்டால் சிறிய அளவில் ஒன்றை வாங்குங்கள், அல்லது பழையதை வாங்குங்கள்.

பழையதை வாங்கும்போது, பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மஞ்சள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தத் தாள் காட்டிவிடும். அசல்தான் என்பதற்கான சான்றிதழ் இருக்கிறதா, எங்காவது தேய்த்துத் திருத்தியிருக்கிறார்களா, ஒப்பனை யார் செய்தது என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தன் பொம்மையை நேசித்து வைத்திருந்தவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடுதான் பதில் சொல்வார்.

[திரையில்: மூடிய பெட்டி, மேலே வைத்த கைகள்.]

பெட்டி வந்து சேரும் நாளில், பிரிப்பதற்கு முன்பே கேமராவை ஓடவிடுங்கள். முதலில் விரல்களை எண்ணுங்கள், வழியில் உடைவது பெரும்பாலும் அவைதான். பிறகு தலையின் மூடியைக் கழற்றி, உள்ளே கொக்கி நேராக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விக்கையும் கண்களையும் பொருத்த அவசரப்படாமல், வெறும் தலையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல ஒரு சுற்றுத் திருப்புங்கள். ஒவ்வொரு கோணத்திலும் நிழல் விழும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால், அதற்கு எந்த அளவுக் கண், எந்த நிறப் புருவம் வேண்டும் என்பதை அந்த முகமே உங்களுக்குச் சொல்லத் தொடங்கும்.