தலை வலிக்காத நாளில் செய்யும் வைத்தியம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடாலித் தைலம் நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கும். 1928-இல் சிங்கப்பூரில் ஒரு சீனர் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. தலை வலித்தால் எடுக்கிறோம், நெற்றியில் தேய்க்கிறோம், வலி விட்டதும் மறந்துவிடுகிறோம். மாத்திரையும் அப்படித்தான். அக்குபங்சர் என்ற சீன ஊசி மருத்துவம் படித்து, நெடுங்காலமாகத் தலைவலிக்காரர்களைப் பார்த்து வருகிறவள் நான். இன்று உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான்: தலைவலிக்கு வைத்தியம் செய்ய வேண்டியது தலை வலிக்காத நாள்களில்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. கதை என்றாலும், சீனர்களின் 3ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலிலேயே இருப்பது. வடசீனத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த ட்சாவ் ட்சாவ் என்ற தளபதிக்குத் தீராத தலைவலி. ஹுவா துவோ என்ற மருத்துவர் வந்து ஊசி குத்துவார், வலி உடனே நின்றுவிடும். மீண்டும் வரும், மீண்டும் குத்துவார். சரி, இவர் எப்போதும் என் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று தளபதி வைத்துக்கொண்டார். வலி முற்றியபோது ஹுவா துவோ என்ன சொன்னார் தெரியுமா? "இதைச் சீக்கிரத்தில் தீர்ப்பது கடினம். விடாமல் மருத்துவம் செய்துவந்தால் ஆயுளை நீட்டலாம்."

தளபதிக்கு அது பிடிக்கவில்லை. மருத்துவருக்கோ ஊர் நினைவு. வீட்டுக்குப் போனவர், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் திரும்பாமலே இருந்தார். கடிதம் மேல் கடிதம் போயிற்று. கடைசியில் ஆள் அனுப்பிப் பார்த்தால், மனைவி நன்றாக இருக்கிறார். சிறை, அப்புறம் மரணதண்டனை. அதன் பிறகும் தளபதியின் தலைவலி போகவில்லை. "அவனால் இதைத் தீர்த்திருக்க முடியும், தன் மதிப்புக்காகத்தான் வளர்த்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் அருமை மகன் நோயில் விழுந்தபோதுதான், அந்த மருத்துவரைக் கொன்றோமே என்று வருந்தினார்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்பதும் தளபதி கேட்டதைத்தான். "ஒரே தடவையில் வேரோடு போக வேண்டும்." ஹுவா துவோ சொன்ன பதிலைத்தான் நானும் சொல்கிறேன்: விடாமல் செய்யுங்கள்.

அதே ஹுவா துவோ தன் மாணவர் வூ பூவுக்குச் சொன்னது: கதவின் கீல் அசைந்துகொண்டே இருப்பதால்தான் உளுத்துப் போவதில்லை, உடம்பும் அப்படியே. புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். வூ பூ 90 வயதைத் தாண்டியும் காது, கண், பல் எல்லாம் திடமாக இருந்தார் என்கிறது அந்த நூல். ஊசி மருத்துவர் ஊசி இல்லாத வழியையும் விட்டுப்போனார், பாருங்கள்.

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க அக்குபங்சர் உதவுமா என்று 22 ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் காக்ரேன் குழு, அதாவது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு, பார்த்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 17 பேருக்குத் தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தன, ஊசியும் சேர்ந்தபோது 41 பேருக்கு. பொய்யாகக் குத்திய ஊசியோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் சிறியதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். தலைவலி மருத்துவத்துக்கான பிரிட்டனின் 2012 வழிகாட்டுதல் 5 முதல் 8 வாரங்களில் 10 முறை வரை ஊசி என்கிறது. வாரக்கணக்கில் தொடர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மறுபடியும் அதேதான், வலிக்காத நாளில்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். வண்டி ஓட்டுகிறவர்கள் இப்போது கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய்ச் செய்யலாம். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோர்த்துக்கொள்ளுங்கள். கட்டை விரல்களை மண்டை ஓட்டின் கீழ் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். பிடரித் தசைக்கு இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் தட்டுப்படும். ஃபெங் சி என்ற புள்ளி அது. மெதுவாக, மேல்நோக்கி, இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். நாள் முழுக்கக் கணினி முன் குனிந்திருப்பவர்களுக்கு அந்த இடம் கல்லாக இருக்கும். தினமும் செய்யுங்கள். சீன மருத்துவம் காற்றையும் தலைவலிக்கு ஒரு காரணமாகப் பார்க்கிறது, அது இந்த இடத்தின் வழியாக நுழைகிறது என்பது அதன் கருத்து. அதனால் ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்க உட்காராதீர்கள். ஈரத் தலையோடு படுக்காதே என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் சீனப் பாட்டிமாரும் சொல்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், இவற்றை விட்டுவிட்டு ஊசிக்கு வந்தால் பாதி பலன்தான்.

மூலிகைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும். தலைவலிக்கென்று பழைய சீனக் கலவைகள் உண்டு. சிலவற்றில் சேரும் ஷி சின் என்ற வேர், சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயும் உண்டாக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட செடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இணையத்தில் பார்த்து வாங்காதீர்கள், பதிவு பெற்ற மருத்துவரைக் கேளுங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு மாத்திரையாலேயே தலைவலி வரலாம், அவர்களும் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று இடி விழுந்தாற்போல வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, ஊசியும் வேண்டாம், தைலமும் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.