ஊசி போட்டால் அடங்கின வயிறு மறுபடி கிளம்புமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "சார், என் தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வருகிற நோய். அதற்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற அசதையோபிரின் மாத்திரை சாப்பிடுகிறான், இப்போது நன்றாக இருக்கிறான். டாக்டர் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடச் சொல்கிறார். அடங்கிக் கிடக்கிற வயிற்றை ஊசி போட்டுக் கிளப்பிவிடாதே என்று அம்மா தடுக்கிறார். போடலாமா, வேண்டாமா?"

போடலாம். போட்டே ஆக வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி படித்ததிலிருந்து மனதிலேயே நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரித்துப் பேசுகிறேன்.

முதலில் அந்த அம்மா. மகன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமும் சளியுமாகப் போய், எலும்பும் தோலுமாக ஆனதைக் கூடவே இருந்து பார்த்தவர். சீதபேதி என்று மருந்து வாங்கி, தொக்கம் எடுத்து, மூலம் என்று யாரோ சொல்ல அதற்கும் பார்த்து, கடைசியில் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனாஸ்கோப்பி செய்த பிறகுதான் நோயின் பெயரே தெரியவரும். என்னிடம் வருகிற பல வீடுகளின் கதை இதுதான். இவ்வளவு பட்டு ஓய்ந்த வயிற்றைத் தொடாதே என்று ஒரு தாய் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் அம்மா, குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ஊசி போட்டுப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், ஊசியால் நோய் கிளம்பியதாகத் தெரியவில்லை. கை வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கலாம். வயிறு கிளம்புவதற்குக் காரணங்கள் வேறு. சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது, மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவது, ஏதாவது தொற்று வருவது. ஊசிக்காக அசதையோபிரினை நாலு நாள் நிறுத்துகிறவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஊசி என்றதும் ஒன்றைக் கேளுங்கள்: உயிருள்ளதா, உயிரில்லாததா? ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, மஞ்சள்காமாலை பி ஊசி, டெட்டனஸ், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி., இவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிட்டாலும் போடலாம். சின்னம்மை ஊசி, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர்., மஞ்சள் காய்ச்சல் ஊசி, மூக்கில் அடிக்கிற ஃப்ளூ மருந்து, இவற்றில் பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி இருக்கிறது. அசதையோபிரின் மாத்திரையோ, இதே குடல் நோய்களுக்கு ஊசியாகப் போடுகிற இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் மருந்துகளோ எடுக்கிறவர்களுக்கும், தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டை இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கும் அவை ஆகாது. கானா மாதிரி நாட்டுக்கு வேலைக்குப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். மாத்திரையை மறைத்துவிட்டு அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

அக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிற ஒரு பாட்டி, கிரோன்ஸ் என்கிற இன்னொரு குடல் அழற்சி நோய்க்கு இதே அசதையோபிரின் சாப்பிட்டவர். இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் வந்தது. நம் ஊர் வழக்கப்படி வேளாரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளம் காய்ந்துவிட்டது, ஆனால் எரிச்சல் மாதக்கணக்கில் விடவில்லை. சேலை பட்டாலே துடிப்பார். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது வெளியே வருவதுதான் அக்கி. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் பலன் அதிகம். காவி எழுதுவதில் போவது அந்த மூன்று நாள்தான். இப்போது இதற்கு உயிரில்லாத ஊசியே வந்துவிட்டது, இரண்டு தவணை. 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை அதிகம், மறுக்கவில்லை. ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டி இந்த மாத்திரைகளில் இருப்பவர்கள் அவசியம் கேட்டுப் பாருங்கள்.

சரி, அந்தத் தங்கச்சி கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். போடலாமா என்பதை விட, எப்போது போட்டிருக்க வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. நோயின் பெயர் தெரிந்த அன்றே. மாத்திரை தொடங்கிய பிறகு உயிருள்ள ஊசிகளுக்குக் கதவு மூடிவிடும், மற்ற ஊசிகளும் அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. மஞ்சள்காமாலை பி ஊசி முழுதாக முடியவே ஆறு மாதம் ஆகும். அந்தக் கிருமி உடம்பில் ஒளிந்திருந்தால் ஸ்டீராய்டும் இன்ஃப்ளிக்சிமாபும் அதைக் கிளப்பிவிடும். குழந்தையில் போட்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தத் தடுப்பு சேர்ந்த, ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடுகிற பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டில் வந்ததே 2011 டிசம்பரில்தான்.

நம் ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. கிரோன்ஸும் குடல் டிபியும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், சந்தேகம் இருந்தால் முதலில் டிபி மாத்திரை கொடுத்துச் சில மாதம் பார்ப்போம். வீட்டில் எல்லாரும் என்ன நோயோ என்று காத்திருக்கிற காலம் அது. அந்தக் காலத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து காமாலை ஊசியைத் தொடங்கிவிடலாமே! யார் சொல்வது என்பதில்தான் சிக்கல். குடல் டாக்டர் குடும்ப டாக்டர் சொல்வார் என்று விடுகிறார். குடும்ப டாக்டர் பெரிய டாக்டரின் நோயாளியை நாம் ஏன் தொட வேண்டும் என்று தயங்குகிறார். குழந்தைக்கு அட்டை போட்டு வீடு தேடி வந்து கூப்பிடுகிற நர்ஸ் அக்கா, பெரியவர்களுக்குக் கிடையாது. மறுக்கிறவர்களை விட, யாருமே சொல்லாததால் போடாதவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எனக்கு அதுதான் ஆற்றாமை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. இன்ஃப்ளிக்சிமாபோ அடலிமுமாபோ எடுத்திருந்தால், பிரசவ வார்டிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் மாதக்கணக்கில் இருக்கும். நம் ஊரில் பிறந்ததுமே டிபி தடுப்புக்கான பி.சி.ஜி. போடுகிறார்கள், அது உயிருள்ள ஊசி. இங்கிலாந்தில் இப்படிப் பிறந்த ஒரு குழந்தை பி.சி.ஜி. போட்ட பிறகு இறந்துபோனது 2010-ல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் தள்ளிப் போடச் சொல்வோம், இன்ஃப்ளிக்சிமாப் என்றால் ஒரு வருஷம். சொட்டு மருந்துகளைப் பற்றிக் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். உயிரில்லாத ஊசிகள் அந்தந்த நாளிலேயே போகலாம்.

தங்கச்சி, தம்பிக்கு இரண்டு ஊசியையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம். நிமோனியா ஊசி சில வகையில் ஒன்றோடு முடியும், சில வகையில் எட்டு வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டிவரும். ஊசியின் பெயரையும் தேதியையும் அவனுடைய ஃபைலில் எழுதி வையுங்கள். காமாலை பி பரிசோதனையையும் இத்தோடு கேளுங்கள். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும், பலன் தொடங்க இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போட்டுவிடுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து.