ஒரே விமானம், வேறு வேறு கை

வணக்கம் நேயர்களே. கணினியில் போர் விமானம் ஓட்டுவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்று ரேடியோவை மாற்றிவிடாதீர்கள், கொஞ்சம் கேளுங்கள். பல வருடமாக என் மனதில் கிடக்கும் விஷயம் இது.

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் ஏறியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். அதே பாதை, அதே வளைவு, அதே மாதிரி பஸ். ஒரு டிரைவர் வளைவு வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்து நிதானமாகத் திருப்புவார். இன்னொருவர் கடைசி நொடிவரை இழுத்துக்கொண்டு போய் ஒரே வெட்டாக வெட்டுவார். தினமும் போய் வருகிறவர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இன்றைக்கு யார் ஓட்டுகிறார் என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த இரண்டு பேருமே இறக்கத்தில் நியூட்ரலில் விட மாட்டார்கள். மலை அதற்கு இடம் கொடுக்காது.

சரி, விமானத்துக்கு வருவோம். இணையத்தில் சேர்ந்து பறக்கிறவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. எல்லாம் நிஜத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். எதிரி விமானத்தின் மேல் பெயர் தெரியக் கூடாது, வெளியிலிருந்து பார்க்கும் காட்சி கூடாது, வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டக் கூடாது, எஞ்சின் சூட்டை நாமே கவனிக்க வேண்டும். மற்றவர்கள், இது என் பொழுதுபோக்கு, எனக்குப் பிடித்த மாதிரிதான் பறப்பேன் என்பார்கள். நான் முதல் கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்குள்ளேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது, இந்த விமானத்தை இப்படித்தான் ஓட்ட வேண்டும், வேறு விதமாக ஓட்டினால் அது வரலாற்றுக்கு விரோதம் என்று சொல்கிற கூட்டம். அவர்களோடுதான் என் வழக்கு.

ஏன் என்றால், நிஜ விமானிகளே ஒரே மாதிரி பறக்கவில்லை. 1940இல், இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற போர் விமானங்கள் இரண்டிலும் இருந்தது மெர்லின் எஞ்சின். அதன் கார்புரேட்டரில் ஒரு குறை. மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் பெட்ரோல் ஒழுங்காகப் போய்ச் சேராமல் எஞ்சின் இருமி நின்றுபோகும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அதற்கு அந்தத் தொல்லை இல்லை. துரத்தினால் ஜெர்மன் விமானி மூக்கைத் தள்ளிவிட்டு ஓடிவிடுவான். பிரிட்டிஷ் விமானிகள் என்ன செய்தார்கள்? விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, விமானத்தை ஓட்டும் கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கீழே பாய்ந்தார்கள், அப்படிப் பாய்ந்தால் பெட்ரோல் தடைபடாது. பார்ப்பவருக்கு அது ஒரு ஸ்டைல். அது பிறந்ததோ ஒரு குறையிலிருந்து. 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர் நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைப் பெட்ரோல் பாதையில் பொருத்தி அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவைத்தார். எங்கே பேசினாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் இந்த இருமலை எடுத்துவிட்டுப் பாருங்கள், அந்தப் புரட்டலுக்கு வேலையே இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கட்டுப்பாடு இருக்கிற இடத்தில்தான் ஒருவருடைய கை தெரியும்.

துப்பாக்கியிலும் அப்படித்தான். இரண்டு இறக்கைகளிலிருந்தும் போகும் குண்டுகள் எவ்வளவு தூரத்தில் ஒன்று சேர வேண்டும் என்று தரையிலேயே சரிசெய்து வைப்பார்கள். மேலிடம் சொன்னது தூரமாக, பரவலாக விழும்படி. செய்லர் மலான் என்ற புகழ்பெற்ற விமானி 250 யார் தூரம் போதும் என்று கிட்டக் கொண்டுவந்தார். கிட்டப் போய்ச் சுடுகிறவருக்குத்தான் அது உதவும். சிமுலேட்டரிலும் பறக்குமுன் இந்தத் தூரத்தை நாமே வைக்கலாம். ஒருவர் வைத்திருக்கும் எண்ணைப் பார்த்தாலே அவர் எப்படிச் சண்டை போடுவார் என்று பாதி சொல்லிவிடலாம்.

இதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே. இரத்மலானையில் ஹரிக்கேன்கள் தாக்குதலுக்கு நடுவிலேதான் எழும்பின. கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலும் ஓர் ஓடுபாதை இருந்தது, அது ஜப்பானியருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் ஹரிக்கேன் 109ஐவிடக் குறுகலாக வட்டமடிக்கும், அந்தப் பழக்கம் அங்கே உயிரைக் காத்தது. ஜப்பானியரின் ஜீரோ என்ற போர் விமானத்தோடு வட்டமடிக்கப் போனால் நிலைமை தலைகீழ், இரண்டே சுற்றில் அவன் பின்னால் வந்துவிடுவான். அதே காலத்தில் பர்மாவில் ஷெனால்ட் என்ற அமெரிக்கரின் கீழ் பறந்த விமானிகள் உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, நிற்காமல் போய்விடும் முறையில் ஜப்பானியரைச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு பறக்கும் பண்டாரவளைத் தம்பி ஒருவர் ஹரிக்கேனை விடவே மாட்டார். ஜீரோ பின்னால் வந்தால், "அண்ணே, நான் அரைச் சுத்துதான், அப்புறம் கீழ போயிருவேன், நீங்க மேலயே இருங்க" என்பார். அந்த அரைச் சுற்றில் எதிரி வேகத்தை இழந்துவிடுவான், தம்பி பாய்ந்துவிடுவார். ஜீரோவுக்கு வேகம் கூடினால் கட்டை இறுகிவிடும், அவரை எட்டிப் பிடிக்க முடியாது. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலிருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. மேகத்துக்குள்ளிருந்து ஒரு ஹரிக்கேன் அரைச் சுற்றுச் சுற்றிக் கீழே சரிந்தால், விமானிகளின் பெயரைக் காட்டாத இணைய சேர்வரிலும் அது அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

எந்த சிமுலேட்டரும் தராத ஒன்று உண்டு, அது உயிர்ப் பயம். விழுந்தால் ஒரு பட்டனை அழுத்தி மறுபடி ஓடுபாதையில் நிற்கலாம். அதனால்தான் நேருக்கு நேர் மோதப் போகிறவர்கள் இவ்வளவு பேர். அதை நான் ஸ்டைல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நானும் தம்பியும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம், விழுந்தவர் அன்றைக்கு மறுபடி பறக்கக் கூடாது. அதன் பிறகு நாங்கள் எரிபொருளைப் பார்க்கிறோம், வீடு திரும்பும் திசையைப் பார்க்கிறோம், வேண்டாத சண்டையை விட்டுவிடுகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நிறைய எழுதி வந்தேன், இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, ஆயுதமில்லாத மஸ்டாங் விமானம் ஒன்றும் அதோடு வரும், பழக அது போதும். அடுத்தது, மழைக்காலத்தில் நம் பக்கம் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் முதலில் தனியாகப் பறந்து ஒழுங்காகத் தரையிறங்கப் பழகுங்கள், சேர்வருக்கு அப்புறம் வரலாம். ஜாய்ஸ்டிக் எது வாங்குவது என்பதை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.