சத்திரத்துக்கு வழி சொன்ன ரயில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிற்றூர்களுக்கு ரயிலைக் கொண்டுவந்தது ரயில்வே கம்பெனியின் ஆதாயமா, ஊராரின் ஆர்வமா என்ற கேள்விக்கு, ஆர்வமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "தென்னிந்திய ரயில்வே கம்பெனி என்ன தர்மச் சத்திரமா நடத்தியது?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். சத்திரம் நடத்தவில்லைதான் ஐயா. ஆனால் சத்திரத்துக்கு வழி சொன்னது! 1900-இல் அந்தக் கம்பெனிக்காக வெளிவந்த பயண வழிகாட்டியை நண்பர் புரட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரே, தங்குவதற்கு எந்தச் சத்திரம், ஊருக்குள் போக மாட்டுவண்டி கிடைக்குமா, எந்த மாதம் எந்தக் கோயிலில் திருவிழா என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். தண்டவாளம் போட்டவன், இறங்கிய பிறகு நீ எங்கே படுப்பாய் என்றும் கவலைப்பட்டிருக்கிறான்! "அது ஆங்கிலப் புத்தகம், மூன்றாம் வகுப்புப் பயணி எப்படிப் படித்தார்?" என்று நண்பர் எழுந்தாலும் எழுவார். புத்தகம் படித்துவிட்டா நம் பாட்டிமார் மாயவரம் கடைமுழுக்குக்கு, அந்த ஐப்பசிக் காவிரி நீராடலுக்குப் புறப்பட்டார்கள்? ஐப்பசி பிறந்தால் அவர்களுக்குக் காவிரி தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் கம்பெனி காலம் தாழ்த்தி அச்சடித்தது. மூட்டை முடிச்சோடு மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்து ஏறிய அந்தக் கூட்டம் கொடுத்த கட்டணம்தான் பயணிகள் வருமானத்தில் பெரும்பங்கு.

ஆதாயம் என்கிறீர்களே, மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தின் மேல் வரி போட்டுச் சேர்த்த பணத்தில் அந்தப் பாதை எழுந்து, 1894-இல் திறக்கப்பட்டது. வண்டியை ஓட்டியதுதான் கம்பெனி. பாதை போர்டுக்குச் சொந்தம். பின்னர் திருநெல்வேலி ஜில்லா போர்டும் அதே வழியில் இறங்க, 1923-இல் திருச்செந்தூருக்கு ரயில் வந்தது.

கணக்கு வழக்கை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். 1926-இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடத் தொடங்கிய வண்டி 1986-இல் நின்றுபோனது. ஆதாயம்தான் ரயிலுக்கு உயிர் என்றால், ஆதாயம் போனதும் ஊரும் அதை மறந்திருக்க வேண்டும் அல்லவா? மறக்கவில்லையே! அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போனவர்கள், மணமுடித்துப் புக்ககம் போனவர்கள், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பாதையைத் திரும்பக் கேட்கிறார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒருவரிடமாவது, ரயில் யாருடையது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.