ரோலருக்கு வடைச்சட்டி எண்ணெய்

வணக்கம் நேயர்களே. முப்பது வருடம் வீதி வேலை இயந்திரங்களோடு கிறீசும் புகையுமாகக் கிடந்தவன் பேசுகிறேன். தாவர எண்ணெயிலிருந்து செய்கிற உயிரி டீசல் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கே தொடங்கினாலும் பில்டரில்தான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வடை பொரித்த எண்ணெய் அப்படியே உயிரி டீசல் ஆகாது. அது தடிப்பு, எஞ்சினை அடைத்துவிடும். மெதனோலும் கொஸ்டிக் சோடாவும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்தெடுத்தால்தான் டீசல் போல ஓடும். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மெதனோல் கண்ணைப் பறித்துவிடும்.

2022இல் டீசலுக்குக் கியூவில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நண்பர் ஒருவர் தயாரித்துத் தந்ததை, நூறு லீற்றருக்கு இருபது என்ற கணக்கில் ஒரு கிழட்டு ரோலருக்கு ஊற்றினோம். முதல் நாள் நல்ல ஓட்டம். பின்னால் தார் வாளியோடு நடந்த பெண், “என்ன ஐயா, முன்னுக்கு வடைக்கடையா போகுது?” என்று சிரித்தார். கரும்புகை குறைந்திருப்பதை முதலில் சொன்னவரும் அவர்தான்.

மூன்றாம் நாள் செங்கலடிச் சந்திக்குக் கிட்ட, நடுவீதியில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரர்களின் ஹோர்ன். “கண்டதையும் ஊற்றினால் இப்படித்தான்” என்று ஆளாளுக்குத் திட்டு. பில்டரைக் கழற்றினேன். உள்ளே கரைத்த புளி மாதிரிக் கறுப்புச் சேறு.

அந்தச் சேறு பழைய டீசல் தந்தது, கவனியுங்கள். வருடக்கணக்காகத் தாங்கியின் அடியில் படிந்து கிடந்ததை உயிரி டீசல் கழுவிக்கொண்டு வந்து பில்டரில் சேர்த்துவிட்டது. இரண்டாவது பில்டரும் போனது. மூன்றாவதில் ஒன்றுமில்லை. திரும்பவும் சொல்கிறேன்: தொடங்கும்போது கையில் இரண்டு பில்டர் வையுங்கள். பழைய இறப்பர் குழாய்களையும் பாருங்கள், ஊதிப்போகும்.

வீதி இயந்திரங்களுக்கு இது தோது என்று சொல்வதும் இதனால்தான். ஊர் ஊராக எண்ணெய் அடித்துத் திரிவதில்லை. மாலையில் ஒரே முற்றத்துக்கு வரும், ஒரே மெக்கானிக் பார்ப்பார். இழுவையா? இருபது வீதக் கலப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு குறையும், சாரதிக்கே தெரியாது.

அப்புறம், இலுப்படிச்சேனை, புன்னைச்சோலை என்று ஊர்ப் பெயரிலேயே எண்ணெய் மரம் வைத்திருக்கிறோம், அதைப் பற்றி... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். மாரியை மட்டும் சொல்லிவிடுகிறேன். உயிரி டீசல் ஈரத்தை இழுக்கும். ரோலர் சும்மா நிற்கும் மாதங்களில் தாங்கியை அரைகுறையாக விடாதீர்கள், நிரப்பிவிடுங்கள். தை பிறந்து ஸ்டார்ட் பண்ணுமுன் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வணக்கம்.