புங்க எண்ணெயில் டீசல் என்ஜின்: கரி குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடு?

அனைவருக்கும் வணக்கம். மேசைமேல் இருக்கும் இந்தக் கண்ணாடிக் குடுவையைச் சற்று அருகில் காட்டுகிறேன். அடியில் கருஞ்சிவப்பாகத் தடித்துத் தேங்கியிருப்பது கிளிசரின்; அதன் மேல் பொன்னிறமாகத் தெளிந்து நிற்பது புங்க எண்ணெயிலிருந்து பிரிந்த பயோடீசல்.

தாவர எண்ணெயில் டீசல் என்ஜினை ஓட்டுவது புதிய யோசனையன்று. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே கடலை எண்ணெயில் ஒரு சிறிய என்ஜினை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆயினும், செக்கில் ஆட்டிய எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றாதீர்கள். டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு பிசுக்கு உள்ள அந்த எண்ணெய், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகள் வழியே மென்தூறலாகச் சிதறாமல் பெரிய துளிகளாக விழுந்து, பாதி எரிந்தும் எரியாமலும் முனையில் கரியாகப் படிந்துவிடும். மெத்தனாலும் காரமும் சேர்த்து அதை மெத்தில் எஸ்டராக, அதாவது பயோடீசலாக, மாற்றுவது இந்தப் பிசுக்கைக் குறைப்பதற்காகத்தான். புங்க எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் மிகுந்திருந்தால் அது காரத்துடன் சேர்ந்து சோப்பாகிவிடும் என்பதால், முதலில் வேறொரு அமிலத்தை வினையூக்கியாகக் கொண்டு அந்தக் கொழுப்பு அமிலத்தை எஸ்டராக மாற்றும் ஒரு கட்டம் செய்துகொள்ள வேண்டும். மெத்தனால் நச்சும் தீயும் ஒருங்கே உள்ள பொருள். இதை வீட்டில் முயல வேண்டாம்.

இனிப் புகைக்கு வருவோம். பயோடீசலின் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜன் இருப்பதால், காற்று எட்டாத இடத்திலும் எரிதல் தொடர்ந்து கரித்துகள் குறைகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் வெளியிட்ட ஆய்வில், டீசலில் 20 சதவீதம் பயோடீசல் சேர்த்த கலவைக்குத் துகள்கள் சுமார் 10 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன் சுமார் 21 சதவீதமும் குறைந்தன. அதிக வெப்பத்தில் உருவாகும் மாசு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடோ 2 சதவீதம் கூடியது. பழைய பம்ப் வகை என்ஜின்களில், எளிதில் அமுங்காத பயோடீசல் சற்று முன்னதாகவே பீய்ச்சப்படுவதும், அதனால் உள்வெப்பம் ஏறுவதும் இதற்கு ஒரு காரணம்.

இந்த 2 சதவீதத்தைச் சுட்டிக்காட்டி எரிபொருளையே ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எரிபொருளை மட்டும் மாற்றிவிட்டு என்ஜினை அப்படியே விடுவதுதான் தவறு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே சுழற்றினால் வெப்பம் தணிந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையும். டீசலில் அவ்வாறு செய்தால் கரி கூடும் என்பதே பெரிய தடை. பயோடீசலில் கரி ஏற்கெனவே குறைவாக இருப்பதால், அந்தச் சுழற்சியைத் துணிந்து கூட்டுவதற்கு இடம் கிடைக்கிறது. பீய்ச்சும் நேரத்தை என்ஜின் தண்டின் சுழற்சியில் ஓரிரு டிகிரி தள்ளி வைப்பதும் உதவும்.

வெப்ப ஆற்றல் டீசலைவிடக் குறைவு என்பதால் எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். பழைய டிராக்டரோ பம்ப்செட்டோ வைத்திருப்பவர்கள் 20 சதவீதக் கலவையைத் தாண்ட வேண்டாம். ரப்பர் குழாய்கள் ஊதிப்போகின்றனவா என்று பாருங்கள். பயோடீசல் டேங்கில் படிந்த பழைய கசடைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், தொடக்கத்தில் பில்டரை வழக்கத்தைவிட விரைவாக மாற்றிவிடுங்கள்.